ஈயச் சொம்பும் இரட்டை இருக்கை வண்டியும்

கல்யாணமான மூன்றாம் வருஷம் நான் ஒரு வண்டி வாங்கினேன். வண்டி என்றால் குடும்பத்தோடு ஏறிப் பூசைக்குப் போகிற வண்டி இல்லை. இரண்டே இருக்கை. முன்னால் தோல் வார் போட்டுக் கட்டிய நீண்ட மூடி, பின்னால் படகு முனை போலக் கூராக முடிகிற உடம்பு. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்துத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. நான் பினாங்கில் வெல்ட் கீ துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. பெட்டிகளை ஏற்ற வந்த ஒரு துரை, வண்டியை மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் கரையில் நின்றான். நான் என்ன செய்வது என்று தெரிந்தவனைப் போல அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

அப்போதே அது பழைய வண்டி. அதன் வயதுக்காரர்கள் எல்லாம் எங்கேயோ கோழிக்கூண்டாகிவிட்டார்கள். ஆனால் மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்த்தவுடன் எனக்குப் பிடித்துப் போயிற்று. பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போவது என்பது எனக்கு என் மனைவியிடம்கூட நடந்ததில்லை. அவளைப் பிடிக்க இரண்டு மூன்று சண்டைகள் தேவைப்பட்டன. இதை அவளிடமே சொல்லியிருக்கிறேன். அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

வீட்டுக்கு ஓட்டி வந்த அன்று அவளுடைய அண்ணன் வாசலில் நின்றிருந்தார். தமிழ் அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோக்கிற வேலை அவருக்கு. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் எழுதியதில் பிழை பார்த்தே பழகியவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "மாப்பிள்ளை, இதுல பிள்ளைங்களை எங்க உக்கார வெப்பீங்க?" என்று கேட்டார்.

"பிள்ளை இன்னும் பொறக்கலையே மச்சான்."

"இந்தக் கிரேத்தாவை வெச்சுக்கிட்டு எப்படிப் பொறக்கும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த சில மாதங்கள் நான் அந்த வண்டியைப் படுத்திய பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கனம் குறைந்தால் வேகம் கூடும் என்று ஒரு மோட்டார் பத்திரிகையில் படித்தேன். உடனே சக்கரங்களுக்கு மேலிருந்த சேற்றுத் தகடுகளைக் கழற்றினேன். பிறகு கித்தான் கூரையைக் கழற்றினேன். வருஷம் முழுக்க மழை பெய்கிற ஊரில் வண்டிக் கூரையைக் கழற்றிய அறிவாளி நான் ஒருவன்தான். சைலன்சரை எடுத்துவிட்டுச் செம்புக் குழாய் ஒன்றை வளைத்து மாட்டினேன். அது போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுச் சீனக் கிழவர் வளர்த்த மைனா பேசுவதை நிறுத்திவிட்டது. என் மனைவி ஒருமுறை என்னோடு தஞ்சோங் பூங்கா வரை வந்தாள். திரும்பி வந்தபோது வெள்ளைப் புடவையின் பின்பக்கம் முழுக்கச் சேறு.

"வேகமா போனோமே, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"வேகமா அழுக்காயிட்டேன்" என்றாள்.

ஆனால் அவளுக்கு வண்டி பிடிக்கவில்லை என்று நினைத்தால் தப்பு. அவளுக்குச் சேறுதான் பிடிக்கவில்லை. கடற்கரைத் திடலில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவளுக்கு வேடிக்கையாக ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். வேடிக்கை எனக்கு மட்டும்தான் என்பது, அவள் போலீஸ் சார்ஜண்ட் முன்னால் ஓட்டிக் காட்டி லைசன்ஸ் வாங்கிக்கொண்டு வந்தபோதுதான் தெரிந்தது. அதை அவள் கல்யாணப் புடவைக்கு அடியில் பெட்டியில் வைத்தாள். ஓட்டத்தான் வண்டி அவளுக்குக் கிடைக்கவில்லை. மாலையானால் நான் அதன் அடியில் படுத்திருப்பேன்.

அவள் டீச்சராக இருந்தவள். கல்யாணம் ஆனதும் வேலையை விட வேண்டியதாயிற்று, அப்போதெல்லாம் அப்படித்தான். மூன்று வருஷமாக எங்கெங்கோ கேட்டுப் பார்த்தாள். கல்யாணமான பெண் என்றதும் எல்லோரும் மரியாதையாகக் காப்பி கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் சும்மா இருப்பது அவளை அரித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பாள். அவர்கள் விளையாட ஓடிவிட்டால் என்னை உட்கார வைத்து என் கையெழுத்தைத் திருத்துவாள். அவள் மனசு எவ்வளவு வாடுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் கார்பரேட்டரைத்தான் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் சீனப் பெருநாளுக்குக் கொஞ்ச நாள் முன்னால், கடலுக்கு அந்தப் பக்கம் கெப்பாலா பத்தாஸ் அருகில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இடம் காலியானது. அதைப் பார்த்துக்கொள்கிற மேனேஜர், பக்கத்துத் தோட்டத்துப் பெரிய கிராணியார், தோட்டக் கணக்குகளுக்கெல்லாம் தலைவர். நாங்கள் போய்ப் பார்த்தோம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எதையும் கடிகாரத்தைப் பார்த்தே பேசுகிறவர்.

"அம்மா நல்லா படிச்சிருக்காங்க, சரி. ஆனா வீடு தண்ணிக்கு அந்தப் பக்கம். இங்க தங்க வைக்க எடமில்ல. ரெண்டு வாத்தியாருங்க இப்படித்தான் லேட்டா வந்து வந்து நின்னுட்டாங்க. வர்ற திங்களுக்கு அடுத்த திங்கள் காலையில மணி அடிக்கிறப்ப நீங்க இங்க நிக்கணும். நிக்கலைன்னா இந்த ஊருலயே ஒரு பையன் ரெடியா இருக்கான், அவனைப் போட்டுருவேன் லா" என்றார்.

முதல் ஃபெரியில் அக்கரைக்குப் போனாலும், அங்கிருந்து பஸ் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். அது போய்ச் சேரும்போது பிள்ளைகள் பாதிப் பாடம் முடித்திருப்பார்கள். தினமும் வாடகை வண்டி என்றால் அவள் சம்பளத்தை வண்டிக்காரனிடமே நேராகக் கொடுத்துவிடலாம். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வண்டி இருக்கு. நான் கொண்டாந்து விட்டுட்டு, திரும்பி ஓடிப்போய் ஆபீசுல உக்காந்துருவேன்" என்றேன். ஃபெரியில் திரும்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பொது இடத்தில் அவள் அப்படிச் செய்கிற பழக்கமே இல்லை.

என் கணக்குப்படி அவளை இறக்கிவிட்டு ஆபீசுக்கு நேரத்தில் திரும்ப வேண்டுமானால் வண்டி இன்னும் வேகமாக ஓட வேண்டும். எனக்கோ வேகத்துக்கு ஒரு சாக்குக் கிடைத்தால் போதும். அந்த மோட்டார் பத்திரிகையில், பந்தய வண்டிகளின் எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுகிறார்கள், எத்தனை சூட்டிலும் அது தளராது என்று போட்டிருந்தது. விளக்கெண்ணெய்! படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். வெள்ளைக்காரன் அதை டப்பாவில் அடைத்துப் பெரிய விலைக்கு விற்கிறான். நம் வீட்டிலோ அது அடுப்படியில் ஜாடி நிறைய இருக்கிறது. ஊரிலிருந்து வந்தது, கொட்டையை வறுத்து இடித்துத் தண்ணீரில் காய்ச்சி எடுத்த சுத்தமான எண்ணெய். ஜாடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"எஞ்சினுக்குப் பேதி குடுக்கப் போறீங்களா மாப்பிள்ளை?" என்றார் மச்சான்.

அவர் சொன்னதற்காகவே ஜாடியைக் கவிழ்த்தேன். உள்ளே ஏற்கனவே இருந்த எண்ணெயை வடிக்கவில்லை. நல்ல எண்ணெயை ஏன் வீணாக்குவது என்று அதன் தலையிலேயே ஊற்றினேன்.

வண்டி ஓடியது. என்னமாக ஓடியது! ஆனால் புகை வந்த வழியெல்லாம் விளக்கெண்ணெய் நாற்றம். எங்கள் தெருத் தமிழ் வீடுகளில் சனிக்கிழமை என்றால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் கொடுப்பது வழக்கம். என் வண்டி தெருமுனையில் திரும்பியதும், கோலி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் தெரு காலி. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே என்று ஒருவன் அழுதுகொண்டே ஓடினான்.

அந்தச் சந்தோஷம் தஞ்சோங் பூங்கா தாண்டும் வரைதான். எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. நிறுத்துவதற்குள் சத்தம் பெரிதாகி, வண்டி தானாகவே நின்றது. ஒரு மாட்டு வண்டிக்காரர் கயிறு கட்டி என்னையும் வண்டியையும் இழுத்து வந்தார். பந்தய எண்ணெய் ஊற்றிய வண்டி மாட்டுக்குப் பின்னால் ஊர்ந்து வீட்டு வாசலை அடைந்தபோது, மச்சான் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டு தன் வீட்டுக்குக் கிளம்பினார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடித் தொட்டியைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு எண்ணெயும் ஒன்றோடொன்று சேராமல், காய்ச்சிய எண்ணெயின் கசடும் தண்ணீரும் கலந்து, அல்வாப் பதத்தில் பழுப்பாக உறைந்து கிடந்தது. எண்ணெய் போகிற துளை அடைத்துக்கொண்டது. பிஸ்டனின் தண்டு, சுழலும் அச்சைப் பிடித்துக்கொள்கிற இடத்தில் பேரிங் என்று இருக்கிறதே, இரண்டு பாதி ஓடுகளுக்குள் மெத்தைபோல வார்த்த வெள்ளை உலோகம், அது எண்ணெய் கிடைக்காமல் சூடேறி உருகி ஓடிவிட்டது. நாலு பேரிங்கில் ஒன்று வெறும் ஓடாக என் கையில் இருந்தது.

மறுநாள் ஆபீஸ் போகிற வழியில் சீனர் வார்ப்படப் பட்டறைக்கு ஓடினேன். முதலாளி வாசலில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலேயே, "தாவுன் பாரு லெப்பாஸ் லா" என்றார். பெருநாள் கழித்து வா என்றால், பதினைந்தாம் நாள் விளக்கு ஏற்றி முடித்த பிறகு வா என்று அர்த்தம். எங்கள் திங்கட்கிழமை அதற்கு நடுவில் வந்தது. அடுத்த பட்டறையிலும் அதே பதில். இரும்புச் சாமான் கடைகளும் பலகை போட்டுவிட்டார்கள். வெள்ளை உலோகம் ஒரு துண்டு வாங்கக்கூட வழியில்லை. முதல் நாளைக்காவது வாடகைக்குப் பிடிக்கலாம் என்றால், ஊரிலுள்ள வண்டி அத்தனையும் பெருநாள் விருந்துக்குப் போகிறவர்களுக்குச் சொல்லியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். அவள் தனக்கென்று தைத்து வைத்திருந்த இரண்டு ரவிக்கைகளை மடித்துப் பெட்டியில் போட்டு மூடினாள். "சரி, விடுங்க" என்றாள். அவள் கோபப்படும்போது எனக்குப் பயமில்லை. அவள் "விடுங்க" என்று சொன்னால்தான் பயம்.

அதற்கு அடுத்த நாள் மாலை, உள்ளேயிருந்த பிசினை வழித்தெடுக்க, எஞ்சின் அச்சைக் கைப்பிடியால் மெதுவாகச் சுற்ற ஓர் ஆள் வேண்டியிருந்தது. அடுப்படியில் இருந்தவளைக் கூப்பிட்டேன். ரசத்தைக் கொதிக்க வைத்துவிட்டு வந்தாள். நான் அடியில் படுத்துக்கொண்டு "கொஞ்சம் சுத்து, நிறுத்து, இன்னும் கொஞ்சம்" என்று சொல்ல, அவள் சுற்றினாள். எதிர் வீட்டில் சரவெடி வெடித்தார்கள். அந்தப் புகையில் வேறு எந்தப் புகையும் எங்களுக்குத் தெரியவில்லை.

"சேசுவே, என் சொம்பு!" என்று அவள் ஓடினாள்.

ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறவர்களுக்குத் தெரியும். உள்ளே தண்ணீர் இருக்கும் வரைதான் அது பாத்திரம். வற்றிவிட்டால் ஒரு நொடிகூடத் தாங்காது. அவள் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த சொம்பு. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. அடுப்பில் கழுத்து மட்டும் வளையமாகச் சாய்ந்து கிடந்தது. மீதி சாம்பலுக்குள் ஓடி, பளபளவென்று தட்டையாக உறைந்துபோயிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். சொம்புக்காக மட்டும் அழவில்லை. வேலை, ரவிக்கை, மூன்று வருஷம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதாள். நான் கையில் கிரீஸோடு நின்றேன். தொடவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

சாம்பலில் கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை உலோகம் என்பதே பெரும்பாலும் ஈயம்தான். தகரச் சுரங்கத்தில் எடுக்கிற அதே வெள்ளீயம். அது எனக்குத் தெரியும். ஆனால் அழுகிறவளிடம் போய், உன் அம்மா கொடுத்த சொம்பை என் எஞ்சினுக்குள் ஊற்றட்டுமா என்று கேட்க என்னால் முடியவில்லை. அந்த அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை.

அவள்தான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தாள். நகத்தால் கீறிப் பார்த்தாள். என் பையிலிருந்த பேரிங் ஓட்டை வாங்கி, ஓரத்தில் ஒட்டியிருந்த பழைய உலோகத்தையும் கீறிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஏறக்குறைய. இது ரொம்ப மெத்துனு இருக்கு. கொஞ்சம் கடினமா எதாவது சேக்கணும்."

"என்ன சேக்கணும்?"

"அச்சு எழுத்துல இருக்கும். அந்தக் கலவை."

அவள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். என்ன பேசினாள் என்று தெரியாது. மறுநாள் பெருநாள், எங்கள் ஆபீசுக்கும் அச்சகத்துக்கும் விடுமுறை. மச்சான் ஒரு பொட்டலத்தோடு வந்தார். அச்சக முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்து வந்ததாக முதலிலேயே தெரிவித்தார். உள்ளே உடைந்ததும் தேய்ந்ததுமாக எழுத்துகள்.

"'ங' வரிசை நிறையக் கெடக்கு. எவனும் அதுல எழுதுறதில்ல. உங்க வண்டியையாவது ஓட்டட்டும்" என்றார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவர் போகவே இல்லை.

பேரிங் வார்ப்பது எப்படி என்று நான் படித்ததுண்டு, செய்ததில்லை. ஓட்டில் முதலில் மெல்லிய ஈயப் பூச்சு ஏற வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றுவது ஒட்டாது. நான் எப்படி என்று விழித்துக்கொண்டிருக்கையில் அவள், "பித்தளைப் பானைக்கு ஈயம் பூசுறவன் வாசல்ல உக்காந்து என்ன பண்றான், பாத்ததில்லையா நீங்க?" என்றாள். தமிழ்க் கடை திறந்துதான் இருந்தது. நவச்சாரம் வாங்கி வந்தோம். ஓட்டைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, பஞ்சால் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். அத்தனை வருஷம் நான் வாசலில் கடந்துபோன வேலை அது. பூச்சு நிலாவைப்போல ஏறியது.

எஞ்சின் அச்சுக்குப் பதிலாக நடுவில் நிறுத்த ஓர் இரும்புக் குழாய் எடுத்தோம். உலோகம் அதில் ஒட்டாமலிருக்க அதற்குப் புகை பிடிக்க வேண்டும். கைக்குக் கிடைத்த மெழுகுதிரியைக் கொளுத்தினேன்.

"அது கோயில்ல மந்திரிச்சுக் குடுத்த திரி!" என்று கத்தினாள்.

"நமக்கு இப்ப அதுதான் வேணும்" என்றார் மச்சான்.

முதல் தடவை நான் அவசரப்பட்டேன். ஓரங்களை அடைத்த களிமண் காயவில்லை. உருகிய உலோகத்தை ஊற்றியதும் ஈரம் சீறி, பொறி பறந்து, மச்சான் எகிறிக் குதித்துக் கோழிக்கூண்டின் மேல் உட்கார்ந்தார். நல்ல வேளை, ஒருவருக்கும் காயமில்லை. வந்தது தேன்கூடு மாதிரி ஓட்டையும் பொத்தலுமாக இருந்தது. அவள் அதை மறுபடி கரண்டியில் போட்டு அடுப்பில் வைத்தாள். களிமண்ணை வெயிலில் காயப்போட்டுவிட்டு, எங்களுக்குச் சோறு போட்டாள். ரசம் இல்லை, கேட்கவும் எங்களுக்குத் துணிவில்லை. மாலையில் இரண்டாம் தடவை ஊற்றினோம். நான் ஊற்றவில்லை, அவள் ஊற்றினாள். இட்லிக்கு மாவு ஊற்றுகிற கை. விட்டு விட்டு ஊற்றாமல் ஒரே தாரையாக ஊற்றினாள். குழாயை உருவி எடுத்தபோது உள்ளே வழவழப்பாக இருந்தது. மச்சான் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

வார்த்ததும் வேலை முடியாது. பேரிங் அச்சின் மேல் எங்கும் சமமாக உட்கார வேண்டும். எங்கே மேடு இருக்கிறது என்று பார்க்க அச்சில் மை தடவி, பேரிங்கை மாட்டிச் சுற்றி, மை ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்ட வேண்டும். அதற்கென்று ஒரு நீல மை விற்பார்கள், அந்தக் கடையும் பூட்டு. அவள் உள்ளே போய்த் தன் கண்மைச் சிமிழைக் கொண்டுவந்தாள். விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வீட்டிலேயே செய்கிற மை. உலராது, வழியாது, மெல்லிசாகப் பரவும். என்னைக் கெடுத்த அதே எண்ணெய் இப்போது சொட்டளவு வந்து உதவியது. நான் அடியில் படுத்து மாட்டுவேன், அவள் சுற்றுவாள், கழற்றினால் கரும்புள்ளிகள் இருக்கும், அரத்தைத் தீட்டிச் செய்த கத்தியால் சுரண்டுவேன். ஒவ்வொரு மாலையும் அதே வேலை. எனக்குப் பொறுமை கிடையாது என்று ஊருக்கே தெரியும். ஆனால் அந்த வாரம் எங்கிருந்தோ வந்தது. ஒவ்வொரு முறையும் பேரிங்கை முதலில் வாங்கிப் பார்ப்பது அவள்தான். "இன்னும் இங்க கருப்பு நிக்குது" என்பாள். சனிக்கிழமை மாலை புள்ளிகள் எங்கும் பரவலாக விழுந்தன. அவள் பார்த்துவிட்டுச் சிமிழை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சேற்றுத் தகடுகளை நானே திரும்பப் பூட்டினேன். கித்தான் கூரையையும் மாட்டினேன். சைலன்சரைப் பொருத்தும்போது மட்டும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. பிறகு கடையில் விற்கிற எஞ்சின் எண்ணெயை ஊற்றிக் கைப்பிடியைச் சுற்றினேன். இரண்டு உதை உதைத்தது, மூன்றாவதில் எழுந்தது. தட்டல் இல்லை. காதை மூடியில் வைத்துக் கேட்டேன், இல்லவே இல்லை. எனக்கு உயிர் வந்தது.

ஆனால் ஒன்றை நான் அவளிடம் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். புதுப் பேரிங்கைப் பல வாரம் மெதுவாக ஓட்டித்தான் பழக்க வேண்டும். விரட்டினால் மறுபடி உருகிவிடும். மெதுவாகப் போனால் அவள் மணிக்கு முன்னால் போய்ச் சேரலாம். நான் ஆபீசுக்கு நேரத்தில் திரும்ப முடியாது. பெரிய குமாஸ்தாவிடம் கெஞ்சி ஒரே ஒரு காலைக்கு விடுப்பு வாங்கினேன். செவ்வாய்க்கிழமைக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. ஃபெரியில் வண்டியோடு நின்றபோதுதான் சொன்னேன். அவள், "இன்னைக்கு மொதல்ல போவோம்" என்று மட்டும் சொன்னாள்.

அக்கரையிலிருந்து நாங்கள் போன வேகத்தை இந்த வண்டியின் பழைய துரை பார்த்திருந்தால் அழுதிருப்பான். லாரி முந்தியது, பஸ் முந்தியது. தேங்காய்க் கூடையோடு சைக்கிளில் போன மலாய்க்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, "கிரேத்தா சாக்கிட்கா?" என்று அக்கறையாக விசாரித்தார். வண்டிக்கு உடம்பு சரியில்லையா என்கிறார். இல்லை, இப்போதுதான் தேறி வருகிறது என்றேன். அவரும் முந்திப் போனார். வயல்களில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என் கால் வேகமிதியில் அரித்தது. ஆனால் ஒவ்வொரு முறை அது துடித்தபோதும் நான் அந்தச் சொம்பை நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்து முற்றத்தில் நுழைந்தபோது கிராணியார் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் சலவைச் சட்டையில் ஓர் இளைஞன். மணி அடிக்கிறவன் கட்டையைக் கையில் எடுத்திருந்தான், இன்னும் அடிக்கவில்லை. நாற்பது ஐம்பது பிள்ளைகள் வண்டியைப் பார்க்க ஓடி வந்தார்கள். ஓடி வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். புகைக்குழாயில் ஒட்டியிருந்த பழைய எண்ணெய் இன்னும் தீர்ந்தபாடில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரிக்காரர்கள் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்க வரும்போது விளக்கெண்ணெயோடுதான் வருவார்களாம். முன்வரிசைப் பெண் ஒன்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "பேதி டாக்டரு!" என்று வீறிட்டது. முற்றம் ஒரே நொடியில் காலியானது. மரத்தின் மேல் இரண்டு பேர்.

கிராணியார் வாயைத் திறந்தபடி நின்றார். மணி அடித்தது. என் மனைவி கதவைத் திறந்து இறங்கி, புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தன் முதல் வகுப்பைப் பிடிக்க ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடினாள். மூன்று வருஷமாக அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "நான் டீச்சரு! மருந்து இல்லடா! வாங்கடா!" என்று அவள் குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவர்களை வரிசையாக அழைத்துக்கொண்டு வந்தாள். கிராணியார் கடிகாரத்தைப் பையில் போட்டார். "நேரத்துக்கு வந்துட்டாங்க" என்று அந்த இளைஞனிடம் சொன்னார். அவனும் சிரித்துவிட்டான்.

நான் வண்டியைத் திருப்பப் போனேன். அவள் ஜன்னலிலிருந்து கையைக் காட்டி நிறுத்தி, படியிறங்கி வந்தாள்.

"நீங்க எறங்குங்க. பஸ் அந்த முனையில வரும். வண்டி இங்கயே நிக்கட்டும்."

"சாயங்காலம்?"

"நான் ஓட்டிட்டு வர்றேன். நாளைக்கும் நானே ஓட்டிக்கிட்டு வருவேன். லைசன்ஸ் என்ன, பொட்டிக்குள்ள பூட்டி வெக்கவா எடுத்தேன்?" முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். அதையும் கொண்டுதான் வந்திருந்தாள்.

"கைப்பிடி உதைக்கும். உனக்குப் பழக்கமில்ல."

"ஒரு வாரமா அதைச் சுத்தினது யாரு? என் சொம்பு உள்ள இருக்கு. என்னை உதைக்காது" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

அன்று மாலை ஆபீஸ் விட்டதும் ஃபெரித் துறையில் போய் நின்றேன். ஒரு படகு வந்தது, அவள் இல்லை. நடுவழியில் நின்றிருப்பாளோ, பேரிங் போயிருக்குமோ, கைப்பிடி உதைத்துக் கை முறிந்திருக்குமோ என்று மனசு என்னைப் போட்டுப் புரட்டியது. மச்சான் அச்சகத்திலிருந்து நேராக வந்து, ஒன்றும் தெரியாதவர்போல என் பக்கத்தில் நின்றுகொண்டார். அடுத்த படகு கரையைத் தொடுமுன்னே எஞ்சின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? ஒரே சீராக, தட்டலில்லாமல் வந்தது. தலையில் துணி கட்டி, விரல்களில் சுண்ணாம்புக் கட்டித் தூளோடு, லாரிகளுக்கு நடுவே அவள் மெதுவாக, மிக மெதுவாக இறங்கி வந்தாள். பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் முன்னால் வந்து நிறுத்தினாள். நான் வழக்கம்போல வலப்பக்கத்துக் கதவைத் திறந்தேன். அவள் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கைகள் ஸ்டியரிங் வளையத்தின் மேலேயே இருந்தன. என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அந்தக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, சுற்றிப் போய் மறுபக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன்.